நாடகத் தமிழும் மலைநாட்டு மாணவரும்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்துப் போற்றும் மரபு மிகப் பழையது. ஆயின், அம்மூன்றனுள் நாடகத்துக்குரிய பழைய இலக்கண நூல்கள் முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என உரையாசிரியர்கள் வாயிலாகப் பெயரளவில் அறியப்படுவனவேயன்றி முழுமையாகக் கிடைத்தில. நூல்கள் மறைந்தபோதும் ஆட்டம் மறையவில்லை. கோயில் முன்றிலிலும் ஊர்ப் பொதுவிடத்திலும் அறுவடை முடிந்த வயலிலும் அது கூத்தாக நின்று நிலவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்துவரப்பட்ட தமிழ் மக்களோடு கடலைக் கடந்து ஈழத்தின் மலைகளிலும் ஏறியது. ஏட்டுச் சுவடியைக் கொண்டுவந்தோர் அவருட் சிலரே. பாட்டையும் அடவையும் நெஞ்சிற் கொண்டுவந்தோர் பலர்.

நுவரெலியாவிலிருந்து உடப்புசல்லாவைக்குச் செல்லும் நெடுவழியில் அமைந்த இராகலை அத்தகைய மக்கள் வாழும் ஊர்களுள் ஒன்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இவ்வூரை நோக்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடப்பட்ட ஒடுங்கிய புகையிரதப் பாதை 1940களில் மூடப்பட்டு, இன்று ஆங்காங்கே அடையாளம் மட்டுமே எஞ்சி நிற்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களில் லயக் காம்பிராக்களும் கொழுந்து மடுவங்களும் மாரியம்மன் கோயில்களும் இருக்கின்றன. மாசி மாதத்து வளர்பிறையில் மலைநாட்டுத் தோட்டங்களிற் காமன் கம்பம் ஊன்றப்படும்போது தப்பின் ஓசை ஒரு மலையிலிருந்து மறு மலைக்குக் கேட்கும். அவ்வோசையைக் கேட்டு வளர்ந்த மாணவன் உயர்தர வகுப்பை அடைந்து, தமிழ்ப் பாடத்தின் பகுதியாக ஒரு நாடக நூலைக் கையிலெடுக்கும்போது, அதனைத் தனக்கு முற்றிலும் அயலான ஒரு பொருளாகக் கருதுகிறான். இந்த முரண்பாடே ஈண்டு ஆராய்தற்குரியது.

நாடகம் மாணவர்க்குக் கடினமானது என்பது ஆசிரியர் பலரும் கூறும் முறைப்பாடு. செய்யுளாயின் நான்கு அடிகளில் முடிந்துவிடும், கதையாயின் ஓடும், நாடகமோ இரண்டுமின்றி, பெயரும் பேச்சும் மாறிமாறி வரப் பல பக்கம் நீள்கிறது. எவன் பேசுகிறான், எவனை நோக்கிப் பேசுகிறான், எவன் வாளா நிற்கிறான் என்பன கண்ணுக்குப் புலப்படாமையால் மாணவன் முதற் களத்திலேயே வழி தவறிவிடுகிறான். இதற்குப் பெரும்பாலார் கண்ட மருந்து எளிமையாக்கல் என்பதாகும். முதலிற் கதைச் சுருக்கம், அதன்மேற் பாத்திரப் பண்பு, அதன்பின் அருஞ்சொற் பொருள், இறுதியிற் காலமிருந்தால் மூலம். பெரும்பாலான வகுப்புகளிற் காலம் இருப்பதில்லை. கடைகளில் விற்கும் வழிகாட்டி நூல்களோ மூலத்தை அடியோடு விடுத்து, நாடகம் என்பது பத்து வினாக்களும் பத்து விடைகளும் என்று காட்டிவிடுகின்றன.

இவ்வழி ஈழத்தில் தோன்றியதன்று. 1807ஆம் ஆண்டிற் சார்லசு லாம் என்பாரும் அவர் தமக்கையார் மேரி லாமும் சேக்சுபியர் நாடகங்களை இளையோர்க்கான கதைகளாக எழுதி வெளியிட்டனர். அந்நூலை அவர்கள் ஒரு வாயிலாகவே கருதினர். மூலத்தின் சொற்களை இயன்றவரை கதைக்குள் வைத்துப் பின்னியதும் அதற்காகவே. ஆயின் அவ்வாயிலிலேயே நின்றுவிட்டோர் தொகை பெரிது. நாடகத்தின் கதை அதன் மிக எளிய பகுதி; பெரும்பாலும் அது நாடகாசிரியனுக்கே சொந்தமானதன்று, பிறரிடமிருந்து பெறப்பட்டது. சேக்சுபியரும் காளிதாசரும் பழங்கதையையே எடுத்து ஆண்டனர். ஆகவே கதையைச் சுருக்கிக் கொடுப்பவர் மாணவனுக்குக் கொடுப்பது நாடகாசிரியன் கடனாகப் பெற்ற பொருளையே. அவன் தானாக ஈட்டிய பொருள் மூலத்தில் தங்கிவிடுகிறது.

இனி, கூத்துக் களரியில் நிகழ்வது யாதென நோக்குதல் வேண்டும். கூத்துப் பாட்டு எளிய தமிழில் அமைந்தது என்று கருதுவோர் அதனைச் செவிமடுத்திலர் என்றே கொள்ளவேண்டும். விருத்தமும் தருவும் கலந்து வரும் அப்பாடல்களிற் பழந்தமிழ்ச் சொல்லும் வடசொல்லும் புராணக் குறிப்பும் நிரம்பியிருக்கின்றன. கைநாட்டு வைக்கும் தோட்டத்து முதியவர் ஒருவர் அவற்றை விடியும்வரை இருந்து சுவைக்கிறார். ஆடுவோன் ஓரடியைப் பிழைத்தால் அதனைச் சுட்டிக் கூறவும் செய்கிறார். பள்ளிக்கூடம் பதினொரு ஆண்டில் தராத இத்தேர்ச்சியை அவர்க்குத் தந்தது எது?

விடை கூத்தின் நடைமுறையிலேயே இருக்கிறது. தெருக்கூத்தில் ஒரு வேடம் களரிக்கு வருமுன் கட்டியக்காரன் வருகிறான். வருவது யார், எந்நாட்டவர், எதற்காக வருகிறார் என்று கேட்டும் சொல்லியும் நகைத்தும் அவையைச் செவ்விப்படுத்துகிறான். பிறகு வேடம் தன் வரவைத் தானே பாடி ஆடுகிறது. பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கி மீட்டுப் பாடுகின்றனர். பாட்டு முடிந்ததும் அதே பொருள் வசனமாக, அன்றாடத் தமிழுக்கு அணித்தாக, மறுபடியும் பேசப்படுகிறது. ஆக, கடினமான ஓரடி அவையோர் செவியில் இருமுறையோ மும்முறையோ விழுந்தபின் அதன் உரையும் தொடர்ந்து வந்துவிடுகிறது. முதலிற் பாட்டு, பின்பே உரை என்பது கூத்தின் வைப்பு. பாட்டின் ஓசையும் ஆடுவோன் மெய்ப்பாடும் பொருளைப் பாதி உணர்த்திவிட, எஞ்சிய பாதியை அறியும் அவா எழுந்துள்ள கணத்தில் வசனம் வந்து அதனை நிறைவிக்கிறது. வகுப்பறை இவ்வைப்பைத் தலைகீழாக்கியது. அவா எழுமுன்னரே உரையைக் கொடுத்து, உரை வந்தபின் பாட்டு வேண்டாததாகிவிடும் நிலையை உண்டாக்கியது. கூத்து எதனையும் எளிமையாக்குவதில்லை. கடினமானதைக் கடினமாகவே வைத்து அதன் அருகிற் கேட்போனை அழைத்துச் செல்கிறது.

தேர்வுத் தாள்களிற் காணப்படும் ஒரு பழைய வினா இவ்விடத்து நினைத்தற்குரியது. ஓரடியைக் கொடுத்து, 'இடஞ்சுட்டி விளக்குக' என்பர். யார் கூற்று, யாரை நோக்கியது, எச்சூழலில் எழுந்தது என்று மாணவன் எழுதவேண்டும். கட்டியக்காரன் களரியிற் கேட்பதும் இவற்றையே. நாடகத்தின் உயிர்நிலையான வினா தேர்வுத் தாளில் இன்றுவரை தப்பியிருப்பது வியப்பே. அதற்கு விடை மட்டும் மனப்பாடத்திலிருந்து வருகிறது.

காமன் கூத்தின் பொருளை எடுத்துக்கொண்டால் மலைநாட்டு மாணவனிடம் ஏற்கெனவே இருக்கும் செல்வம் எத்தகையது என்பது விளங்கும். சூரபன்மனை அழிக்க முருகன் அவதரிக்கவேண்டும், அதற்கு யோகத்திலிருக்கும் சிவபெருமான் உமையை மணத்தல் வேண்டும், அவர் யோகத்தைக் கலைக்க மன்மதன் அனுப்பப்படுகிறான், நெற்றிக்கண் திறக்கச் சாம்பலாகிறான், இரதி புலம்புகிறாள். இக்கதையைக் காளிதாசர் குமாரசம்பவத்தின் மூன்றாம், நான்காம் சருக்கங்களிற் பாடினார். கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்துக் காமதகனப் படலத்திற் பாடினார். தோட்டத்து மக்கள் இரவுகள் பலவற்றில் அதனை ஆடினர். மூன்றும் ஒரே கதையாயினும் மூன்றிலும் மன்மதன் ஒருவனல்லன்.

காளிதாசரின் மன்மதன் செருக்குடையவன். இந்திரன் அழைத்த மாத்திரத்தில் வந்து நின்று, சிவனுடைய உறுதியைக்கூட அசைத்துக் காட்டுவேன் என்று தானே கூறுகிறான். அவன் அழிவு அவன் வாய்ச்சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. கச்சியப்பரின் மன்மதனோ அஞ்சுகிறான். சிவனை எதிர்த்தோர் எய்திய கேட்டை எடுத்துக்கூறி, இவ்வேலை வேண்டாம் என மறுக்கிறான். பிரமன் சபிப்பேன் என அச்சுறுத்தியபின்னரே, இவன் சாபத்தில் வீழ்வதினும் சிவன் சினத்தில் வீழ்ந்து உய்தல் நன்று எனத் தேர்ந்து புறப்படுகிறான். கூத்தில் இம்மறுப்பு இல்லறத்துக்குள் நுழைகிறது. தேவர் ஏவலைத் தூதன் கொணர்ந்தபின் போகாதே எனத் தடுப்பவள் இரதி. போயே ஆகவேண்டும் என்பவன் மன்மதன். கூத்தின் பெரும்பகுதி இத்தர்க்கமே. எரிப்பு ஒரு கணம். காளிதாசரும் அதனை வானில் எழுந்த தேவர் குரல் வந்து சேருமுன் நிகழ்ந்துவிட்டதாகவே காட்டினார். ஆயின், அக்கணத்துக்கு முன்னுள்ள நெடும்பொழுது முழுவதையும் கணவன் மனைவி வழக்காடலாக விரித்தது கூத்தர் செய்த மாற்றம். மேலிடத்தார் ஏவிய வேலைக்குச் சென்று மீளாதவனுடைய கதை மலைநாட்டுத் தோட்டங்களில் ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. கங்காணியின் அழைப்பும் துரையின் கட்டளையும் அறிந்த மக்களுக்கு மன்மதனது நிலை புராணமாக மட்டும் தோன்றியிராது.

இம்மூன்று மன்மதர்களையும் ஒப்பிட்டு நோக்குதல் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஏற்ற திறனாய்வு வினா. அதனை இராகலை மாணவன் விடுப்பதற்கு வேண்டிய மூன்றில் ஒரு பங்கு அறிவு, கொழும்பு மாணவனிடம் இல்லாதது, அவனிடம் உள்ளது. அதனை அறிவென்று எவரும் அவனுக்குச் சொன்னதில்லை என்பதே குறை. கந்தபுராணப் படலத்தை அவன் வகுப்பிற் படிக்க நேரும்போது, காமன் கூத்து அங்கே குறிப்பிடப்படுவதுமில்லை. தன் பாட்டனார் இரதி வேடம் தாங்கியவர் என்பதைச் சொல்ல அவனே நாணுதலும் உண்டு. இலக்கியம் என்பது நூலில் உள்ளது, கூத்து என்பது லயத்து விளையாட்டு என்ற எண்ணம் அவனுள் எப்படியோ பதிந்துவிட்டது. இவ்வெண்ணத்தைப் போக்காமல் எத்தனை எளிய பதிப்பு வெளியிட்டும் பயன் சிறிதே.

கற்றோர் சிலர் இத்துறையில் முயன்றதை மதிப்பிட்டுப் பார்த்தல் தகும். சுவாமி விபுலாநந்தர் 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்க வாயிலாக வெளியிட்ட மதங்க சூளாமணி, ஆங்கிலம் அறியாத தமிழ்ப் புலவர்க்குச் சேக்சுபியரை அறிமுகப்படுத்த எழுந்தது. மதங்கர் என்பார் கூத்தர். அக்கூத்தர்க்கு முடிமணி என்று நூற்பெயரிட்டதிலேயே சேக்சுபியரைப் புலவராக மட்டுமன்றி நாடகக் கலைஞராகவும் அவர் கண்டமை தெரிகிறது. பன்னிரண்டு நாடகங்களின் கதையை உரைநடையிற் கூறிச் செல்லும் அடிகளார், உணர்ச்சி முற்றும் இடங்களில் உரைநடையை நிறுத்தி மூலப் பகுதியைச் செய்யுளாக மொழிபெயர்த்து வைக்கிறார். கதை மட்டும் போதாது, பேச்சையும் கேட்கவேண்டும் என்பது அவர் கொள்கை. இது கூத்தின் வைப்புக்கு நெருங்கியது. எனினும் ஒன்று கூறாதிருத்தல் இயலாது. அடிகளார் செய்யுள் நடை மிகச் செறிந்தது. 1926இல் மதுரைப் புலவர்க்கு வாயிலாக இருந்த அந்நூலுக்கு இன்றைய மாணவன் செல்ல வேறொரு வாயில் வேண்டியிருக்கிறது.

சங்கரதாசு சுவாமிகள் சென்ற வழி வேறு. 1918இல் மதுரையில் அவர் ஆசிரியராக நின்று நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் நடித்தோர் சிறுவர். அவருள் ஒருவரே பின்னாளில் அவ்வை சண்முகம் எனப் புகழ்பெற்றவர். பள்ளியிற் பயில வேண்டிய பருவத்தில் அச்சிறுவர்கள் நாடகங்களை முழுமையாக, வெண்பாவும் விருத்தமும் வசனமும் உட்பட, செவி வழியே கற்று ஒப்பித்தனர். அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஓரிரவில் எழுதி முடித்தார் என்பர். அத்துணை விரைவு செவிவழி வந்த மரபில் ஊறியவர்க்கே கைகூடும். அச்சிறுவர் வாழ்க்கை எளிதாயிருந்ததில்லை. அடியும் பட்டினியும் பாலசபைகளின் மறுபக்கம் என்பதை மறைத்தலும் ஆகாது. ஆயினும் கடினமான தமிழைச் சிறுவர் ஏற்கமாட்டார் என்ற கூற்றுக்கு அச்சபைகள் வலிய மறுப்பாகும். பம்மல் சம்பந்த முதலியார் சேக்சுபியரின் அம்லத்தை அமலாதித்யனாகவும், வெனிசு வணிகனை வாணீபுரத்து வணிகனாகவும் ஆக்கிப் பெயரும் பழக்கமும் தமிழாக்கியதும் அக்காலத்து அவையோரை அணுகும் முயற்சியே.

இராகலையிலிருந்து மலையிறங்கினால் அடையும் பேராதனையில் நிகழ்ந்த முயற்சி இவையனைத்தினும் நமது பொருளுக்கு நெருங்கியது. எதிரிவீர சரச்சந்திரர் 1956இல் மனமே என்னும் சிங்கள நாடகத்தை நாடகம் எனப்படும் நாட்டார் மரபின் அடிப்படையில் மேடையேற்றி வெற்றி கண்டார். அம்மரபுக்கும் தமிழ்க் கூத்துக்கும் உள்ள உறவு கற்றோர் அறிந்ததே. அதே பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணைகொண்டு மாணவரைப் பயிற்றி, 1962இற் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன் ஆகியவற்றை மேடையேற்றினார். அலங்காரரூபன் முதலிய பழைய நாடகங்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தார். நாட்டுக்கூத்தை நாகரிகமற்றதென ஒதுக்கிய கற்றோர் அவையை அதன் முன் அமரச் செய்த பெருமை அவர்க்கே உரியது. வேட்டியை மடித்துக் கட்டிச் சல்லரிக்கும் மத்தளத்துக்கும் ஆடிய பல்கலைக்கழக மாணவரைக் கண்டபின், கூத்து லயத்துக்கும் குடிசைக்குமே உரியது என்று எவரும் சொல்ல இயலாதாயிற்று.

ஆயின், விடிய விடிய ஆடிய கூத்து அங்கே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டது. வட்டக் களரி படச்சட்ட மேடையாயிற்று. வரவாட்டங்கள் குறுகின, மீட்டுப் பாடுதல் குறைந்தது. அலுவலகத்திலிருந்து வந்து இரவு உணவுக்கு வீடு திரும்பவேண்டிய அவைக்கு இது தகும். கலைச் செப்பமும் இதனாற் கூடியது. எனினும் கற்போனை நோக்கின் வேறு முடிவே கொள்ள நேரும். குறைக்கப்பட்ட அம்மீட்டலே பாட்டைச் செவியிற் பதியச் செய்வது. ஏற்கெனவே கற்ற அவைக்கு அது மிகை. கற்க வந்தவனுக்கு அதுவே பாடம். பேராதனை வழியைப் பள்ளிகள் பின்பற்றியபோது சுருக்கத்தையும் சேர்த்தே பின்பற்றின. போட்டிக்குரிய நாற்பது நிமிடத்துக்குள் ஒரு கூத்து முடியவேண்டும் என்ற நிலையில், ஆடும் இருபது மாணவர் அதனை உடலால் அறிகின்றனர். பார்க்கும் ஐந்நூறு மாணவர் உடையையும் ஒளியையும் கண்டு கலைகின்றனர். முழுக் கூத்தைச் சுருக்கி ஆடுவதினும் ஒரு களத்தைக் குறைக்காமல், மீட்டலும் வசனமும் உள்ளிட அதன் முறைப்படி வகுப்பு முழுவதும் கூடிப் பாடிப் பேசுதல் கற்போர்க்கு நன்மை பயக்கும் என்று துணியலாம். அதற்கு உடையும் வேண்டா, மேடையும் வேண்டா.

இம்முறை கூத்தல்லாத நாடகத்துக்கும் பொருந்துமா என்பது நியாயமான ஐயம். பேராசிரியர் பெ. சுந்தரம்பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம் இதற்கு உரைகல். பெரும்பகுதி ஆசிரியப்பாவால் ஆகிய அந்நூல் நடிப்பதற்கன்று, படிப்பதற்கே உரியது என்பர். லிட்டன் பிரபுவின் இரகசிய வழி என்னும் ஆங்கிலக் கதைப் பாட்டைத் தழுவியது என்ற செய்தியை மாணவர் அனைவரும் அறிவர். ஏனெனில் அது ஒரு மதிப்பெண் வினா. அந்த இரகசிய வழி நாடகத்துக்குள் என்ன செய்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. அரசன் சீவகனையும் அவன் மகளையும் காக்கும் பொருட்டுச் சுந்தர முனிவர் ஒரு சுருங்கை அகழ்விக்கிறார். அமைச்சன் குடிலன் அதனைக் கண்டுபிடித்து, அரசனைக் காட்டிக்கொடுக்கும் பொருட்டு அதே வழியாற் பகைவனிடம் செல்கிறான். பகைவனாகிய சேரன் புருடோத்தமனோ துரோகியை விலங்கிட்டு, அவனையே வழிகாட்டச் செய்து அதே சுருங்கையால் வருகிறான். வந்து சேரும் இடம் நள்ளிரவில் அவசரமாக நிகழும் மணவறை. மனோன்மணி கனவிற் கண்டு காதலித்தவன் அவனே. முனிவரின் அன்பும் குடிலனின் வஞ்சமும் ஒரே இருட்டு வழியில் நடக்கின்றன. எவருடைய திட்டமும் அவரவர் எண்ணியவாறு முடியாமல், நன்மை மட்டும் எப்படியோ மறுமுனையில் வெளிப்படுகிறது. இத்துணை நாடகத் திறம் வாய்ந்த ஓர் அமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்நூலை அலுப்பூட்டுவதாக ஆக்குவதற்குத் தனிப்பயிற்சியே வேண்டும்.

குடிலனது தனிமொழிகளை எடுத்துக்கொள்க. அவன் அவையிற் பேசும் பணிவும் தனிமையிற் பேசும் கணக்கும் அடுத்தடுத்து வருவன. கூத்தறிந்த மாணவன் ஒருவனைக் கட்டியக்காரனாக நிறுத்தி, ஒவ்வொரு பேச்சுக்கும் முன் வந்தவன் யார், இப்போது அவன் பக்கத்தில் இருப்போர் எவர் என்று கேட்கச் செய்தால் பாதித் தடை நீங்கிவிடும். பின்னர் அகவலை ஒருவன் உரக்கப் படிக்க, மற்றவர் முக்கியமான அடியை வாங்கி மீட்டுக் கூற, மூன்றாமவன் அதனைத் தன் வாய்த் தமிழில், இராகலைத் தமிழிலேயே, வசனமாகப் பேசலாம். அவன் சொல்லும் தமிழ் தேர்வுத் தமிழாக இராது. ஆனால் குடிலன் பொய் சொல்கிறான் என்பதை அவன் குரல் அறிந்திருக்கும். அவ்வாறு பேசியபின் அருஞ்சொல்லுக்குப் பொருள் கேட்பவன் மாணவனாயிருப்பான்.

இதில் இரண்டு இடர் உண்டு. அவற்றை மறைத்தல் தகாது. அகவல் தாளத்துக்கு அமைவதன்று. தப்புக்கும் தருவுக்கும் பழகிய செவிக்கு அது முதலில் மந்தமாகத் தோன்றும். அதனைத் தருவாக்கிப் பாட முயன்றால் நூலின் இயல்பு கெடும். பேச்சோசையே அதன் ஓசை என்பதை ஆசிரியர் தாமே உரக்கப் படித்துக் காட்டவேண்டும். கண்ணால் மட்டும் படித்துப் பழகிய ஆசிரியர்க்கு இது எளிதன்று. மற்றொன்று இதனினும் பெரியது. காமன் கூத்து ஒரு நோன்பு. மன்மதனாகவும் இரதியாகவும் வேடம் தாங்குவோர் விரதம் காத்து ஆடுவர். கம்பம் ஊன்றிய இடம் தூய்மையுடையது. அதனைப் பாடக் கருவியாக்கி ஆண்டு முழுவதும் வகுப்பில் ஆடுதல் அம்மக்கள் நம்பிக்கைக்கு இழுக்காகும். கூத்தின் வைப்பு முறையை வகுப்புக்குக் கொணரலாம், கூத்தையே கொணரவேண்டியதில்லை. அதனைக் காண விரும்பும் ஆசிரியர் மாசியில் தோட்டத்துக்குச் சென்று, பாயில் மக்களோடு இருந்து, விடியுமட்டும் பார்த்தலே முறை. தம் மாணவர் எதனை எவ்வளவு அறிவர் என்பதையும் அங்கேயே காண்பார்.

அருச்சுனன் தபசு ஆடப்படும் இடங்களில் இது இன்னும் தெளிவாகும். பாரவியின் கிராதார்ச்சுனீயமும் வில்லிபுத்தூரார் பாரதமும் பாடிய அத்தவத்தை, கூத்தர் உயர்ந்த கம்பமொன்றில் ஏறி நிகழ்த்துவர். அருச்சுனன் வேடம் தாங்கியவர் ஏற ஏறப் பாடுகிறார். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பாட்டு உண்டு. கீழிருக்கும் மக்கள் அண்ணாந்து பார்க்கின்றனர். பனியும் காற்றும் மிகுந்த மலையுச்சியில் மேலே பாடப்படும் சொற்கள் தெளிவாகக் கேட்பது அரிது. எனினும் அவர்கள் எந்த நிலையில் எந்தப் பாட்டு என்பதை அறிந்து, கீழிருந்தே வாய்க்குள் சேர்ந்து பாடுகின்றனர்.

மனோன்மணீயத்துக்கு அத்தகைய அவை இன்னும் வாய்க்கவில்லை. அதற்கு அண்ணாவியாரும் இலர். எந்த அடியிற் குரல் தாழவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்று சொல்லும் பரம்பரை எதுவும் அதற்கு இல்லாமையால், அப்பொறுப்பு முழுவதும் வகுப்பாசிரியர் தலையில் விழுகிறது. இறுதிக் களத்திலே புருடோத்தமனைக் கண்டதும் மனோன்மணி நெடிதாக ஏதும் பேசுவதில்லை. கையிலிருக்கும் மாலையோடு சென்று அவனுக்குச் சூட்டிவிடுகிறாள். கூத்தாயின் அவ்விடத்தில் நீண்ட தரு ஒன்று வந்திருக்கும். சுந்தரம்பிள்ளை அங்கே சொல்லைக் குறைத்தார். வழிகாட்டி நூல்கள் அந்த இடத்தை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன; ஏனெனில் விளக்குவதற்கு அங்கே சொற்கள் இல்லை. வகுப்பில் யாரேனும் ஒரு மாணவி எழுந்து, அவ்வளவு நேரம் பேச்சாக இருந்த அறை அமைதியாகும்படி, நான்கடி நடந்து காட்டினாலன்றி அவ்விடம் விளங்குவதற்கில்லை.